கழற்றி மாட்டும் இரும்புக் கிடங்கு: கல்வராயன் மலைக்கு ஏறுமா? கள்ளக்குறிச்சி விவசாயிக்கு என்ன லாபம்?

ஐப்பசி பிறந்துவிட்டால் கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் நெல் அறுத்தவர்கள் எல்லோரும் தேடுவது ஒரே பொருளைத்தான்: தார்ப்பாய். களத்தில் கொட்டிய நெல், நேரடி கொள்முதல் நிலையத்து வாசலில் அடுக்கிய நெல், ரோட்டோரம் காயப்போட்ட மக்காச்சோளம் என எல்லாவற்றுக்கும் மேலே ஒரு தார்ப்பாய், அதன் ஓரத்தில் நாலு கல். ராத்திரி மழை பிடித்தால் வீட்டில் இருக்கும் அத்தனை பேரும் களத்துக்கு ஓட வேண்டும்.

2025-26 கொள்முதல் சீசனில் சன்ன ரக நெல்லுக்கு குவிண்டாலுக்கு 2,545 ரூபாய், சாதா ரகத்துக்கு 2,500 ரூபாய் என தமிழக அரசு விலை அறிவித்திருக்கிறது. மாநில அரசின் ஊக்கத்தொகையும் சேர்ந்த விலை இது. ஆனால் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் திரும்பக் காயவைக்க வேண்டும், இல்லையென்றால் வியாபாரி கேட்கும் விலைக்குக் கொடுத்துவிட்டு வர வேண்டும். குவிண்டாலுக்கு 200 ரூபாய் குறைந்தாலே 100 குவிண்டாலுக்கு 20,000 ரூபாய் போச்சு.

இந்த இடத்தில்தான் 'ப்ரீஃபேப்' என்று சொல்லப்படும் முன்கூட்டியே தயாரித்த இரும்புக் கட்டடங்கள் பேச்சுக்கு வருகின்றன. தொழிற்சாலையிலேயே துண்டு துண்டாகச் செய்து, இடத்துக்குக் கொண்டுவந்து போல்ட் போட்டு நிறுத்திவிடலாம். வேண்டாம் என்றால் கழற்றி வேறு இடத்துக்கு எடுத்துப் போகலாம். சேலம் - உளுந்தூர்பேட்டை நெடுஞ்சாலையில் பட்டறை, டயர் கடை, குடோன் என்று நீல நிறக் கூரையாகக் கண்ணில் படுபவற்றின் இன்னும் கொஞ்சம் ஒழுங்கான வடிவம் என்று வைத்துக்கொள்ளலாம்.

கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. சமவெளியில் இது எந்த அளவுக்கு உதவும், மலையில் எங்கே இடிக்கும் என்பதுதான் கேள்வி.

எல்லா ஷெட்டும் ஒண்ணு இல்லை

விற்பவர்கள் எல்லாவற்றையும் 'போர்ட்டபிள்' என்றே சொல்கிறார்கள். உண்மையில் மூன்று வகை இருக்கிறது.

முதலாவது, கன்டெய்னர் மாதிரி முழுசாகச் செய்து வரும் கேபின். லாரியில் ஏற்றி, கிரேன் வைத்து இறக்கினால் வேலை முடிந்தது. ஆபீஸ், காவலாளி அறை, கருவிகள் வைக்கும் அறைக்குச் சரி. இரண்டாவது, போல்ட் போட்டுச் சேர்க்கும் சின்ன ஷெட். தூண், கைமரம், பர்லின் கம்பி, ஷீட் எல்லாம் தனித்தனியாக வரும். மூன்றாவது, பி.இ.பி. எனப்படும் பெரிய கட்டடம். ரைஸ் மில், பெரிய குடோன்களுக்கு இதைத்தான் போடுகிறார்கள்.

எடுத்துப் போகும் வசதி முதல் வகையில் அதிகம், மூன்றாவதில் ரொம்பக் குறைவு. இன்னொன்றையும் விற்பவர்கள் சத்தமாகச் சொல்வதில்லை: கழற்ற முடிவது தரைக்கு மேலே இருப்பது மட்டும்தான். கீழே போட்ட கான்கிரீட் தளமும் அஸ்திவாரமும் அங்கேயேதான் கிடக்கும்.

தளத்தை லேசாக எடுத்துக்கொள்ளவும் முடியாது. அரசின் கிடங்கு மானியத் திட்டங்களில் ஒரு கன மீட்டருக்கு 0.4 டன் என்று கொள்ளளவு கணக்கிடுவது வழக்கம். 33 அடி நீளம், 16 அடி அகலம், 13 அடி உயரம் உள்ள ஒரு ஷெட் அந்தக் கணக்கில் சுமார் 80 டன் கொள்ளும். 40 கிலோ சிப்பமாகப் பார்த்தால் 2,000 மூட்டை. சாதா ரக விலையில் 20 லட்சம் ரூபாய் நெல். அந்த 80 டன்னும் சுமார் 50 சதுர மீட்டர் தரையில் உட்காரும்போது சதுர மீட்டருக்கு ஒன்றரை டன்னுக்கு மேல் பாரம் வரும். கேபினில் போட்டு வரும் பலகைத் தரை இதைத் தாங்காது. ஆக, தானியத்துக்கு என்றால் உயர்த்திக் கட்டிய கான்கிரீட் தளம் கட்டாயம். 'ஒரே நாளில் கிடங்கு ரெடி' என்ற விளம்பரத்தில் இந்தத் தளம் போட்டு ஆறவைக்கும் நாள்கள் கணக்கில் இருப்பதில்லை.

சமவெளியில் கணக்கு எப்படி?

சின்னசேலம், சங்கராபுரம், தியாகதுருகம், உளுந்தூர்பேட்டை பக்கம் நெல், மக்காச்சோளம், கரும்பு, மரவள்ளி எல்லாம் இருக்கிறது. இதில் ஷெட்டால் அதிகம் பயன்பெறுவது மக்காச்சோளமும் நெல்லும்.

அறுவடை நேரத்தில் எல்லோரும் ஒரே வாரத்தில் விற்க வந்தால் விலை இறங்கும் என்பது விவசாயிக்குத் தெரியாத விஷயம் இல்லை. வைக்க இடம் இல்லாததால்தான் உடனே விற்கிறார். இரண்டு மாதம் தள்ளி விற்க முடிந்தால் பேரம் பேச ஒரு தெம்பு வரும். ஆனால் அதுவரை கையில் காசு வேண்டுமே? ஒழுங்குமுறை விற்பனைக் கூடத்தின் கிடங்கில் இருப்பு வைத்தால் பொருளின் மதிப்பில் 75 சதவீதம் வரை, 180 நாள்களுக்குப் பொருளீட்டுக் கடன் கிடைக்கும். சொந்த ஷெட்டில் வைத்த நெல்லுக்கு அந்தக் கடன் கிடையாது. சேமிப்புக் கிடங்கு மேம்பாடு மற்றும் ஒழுங்குமுறை ஆணையத்தில் பதிவான கிடங்கு என்றால்தான் ரசீதை அடகு வைக்க முடியும். தனி விவசாயியைவிட உழவர் உற்பத்தியாளர் நிறுவனமோ, தொடக்க வேளாண் கூட்டுறவு சங்கமோ போடும் ஷெட்டுக்குப் பலன் கூடுதல் என்று சொல்வதற்கு இதுதான் காரணம்.

அரசும் இந்தப் பக்கம் நகர்ந்துகொண்டுதான் இருக்கிறது. திறந்தவெளியில் தார்ப்பாய் போட்டு அடுக்கும் முறையைக் குறைக்க, தமிழ்நாடு நுகர்பொருள் வாணிபக் கழகம் சுமார் 238 கோடி ரூபாயில் 2.86 லட்சம் டன் கொள்ளளவுக்கு மேற்கூரையுடன் கூடிய சேமிப்புத் தளங்களைக் கட்டும் பணியை எடுத்தது. மத்திய அரசு 2023 மே மாதம் கூட்டுறவுத் துறையில் தானிய சேமிப்புத் திட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. 2024 பிப்ரவரியில் 11 மாநிலங்களில் முன்னோடியாகத் திறக்கப்பட்ட 11 கூட்டுறவு கிடங்குகளில், தமிழ்நாட்டில் இருந்து இடம்பிடித்தது தேனி மாவட்டம் சிலமரத்துப்பட்டி. அதன் கொள்ளளவு 1,000 டன்.

ஒரு விஷயத்தில் ஏமாறக் கூடாது. ஷெட் நெல்லை நனையாமல் காக்கும், காயவைக்காது. 20 சதவீத ஈரத்தோடு உள்ளே போன நெல் இரும்புக் கூரைக்குக் கீழே இன்னும் சீக்கிரம் புழுங்கும். மக்காச்சோளத்தில் பூஞ்சை வந்தால் கோழித் தீவன ஆலை வாங்காது. களமோ உலர்த்தியோ இல்லாமல் ஷெட் மட்டும் போடுவது பாதி வேலை.

மரவள்ளிக்கு இது சுத்தமாக ஆகாது. பிடுங்கிய கிழங்கு இரண்டு, மூன்று நாளில் கருக்க ஆரம்பித்துவிடும். சேகோ ஆலைக்குப் போய்ச் சேர வேண்டிய சரக்கை எந்த ஷெட்டாலும் காப்பாற்ற முடியாது. சிப்ஸ் ஆக அரிந்து காயவைத்தால் மட்டும் வைத்து விற்கலாம்.

சரி, மலைக்கு எப்படி ஏத்துறது?

கச்சிராயபாளையம் தாண்டி மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை. கல்வராயன் மலை தாலுகாவின் தலைமையிடம். சுற்றிலும் மலையாளி பழங்குடியினரின் சிற்றூர்கள். கேரளத்து மலையாளிகளோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். மலையை ஆளும் மக்கள் என்ற பொருளில் தமிழ் பேசும் பழங்குடி இவர்கள்.

மலையில் ஒரு கிடங்கு கட்ட ஆகும் செலவில் சிமென்ட், செங்கல், எம்-சாண்ட் ஆகியவற்றின் விலையைவிட அவற்றை மேலே ஏற்றும் வாடகைதான் உறுத்தும். கோடையில் கட்டினால் கான்கிரீட்டை நனைக்கத் தண்ணீர் தேட வேண்டும். இந்தக் கணக்கில் இரும்பு ஜெயிக்கிறது. ஒரே அளவு கிடங்குக்குத் தேவைப்படும் எடை செங்கல் சுவரோடு ஒப்பிட்டால் மிகக் குறைவு, கூலி நாள்களும் குறைவு.

ஆனால் கொண்டை ஊசி வளைவுகள் உள்ள மலைப்பாதையில் முழு நீள டிரெய்லர் திரும்பாது. கிரேனையும் கூடவே ஏற்ற வேண்டும். ஆகவே ரெடிமேட் கேபின் மலைக்குச் சரிப்படாது. மினி லாரியில் ஏற்றும் நீளத்தில் வெட்டி, போல்ட் போட்டுச் சேர்க்கும் இரண்டாவது வகைதான் ஒரே வழி. கடைசி இரண்டு கிலோமீட்டர் ரோடு இல்லாத ஊருக்கு டிராக்டர், அதுவும் இல்லாவிட்டால் தோள்.

பக்கத்து மாநிலத்தில் இதற்கு ஒரு முன்மாதிரி உண்டு. ஐ.ஐ.டி. மெட்ராஸில் உருவான மாடுலஸ் ஹவுசிங் நிறுவனம், கொரோனா காலத்தில் மடக்கி எடுத்துச் செல்லும் 'மெடிகேப்' மருத்துவமனையை 2020-ல் கேரளாவின் வயநாட்டு மலைக்குக் கொண்டுபோய் நிறுத்தியது. மடக்கினால் லாரியில் அடங்கும் என்பதுதான் அங்கே வேலை செய்தது.

பட்டா இல்லாத ஊரில் கிடங்கு

கல்வராயன் மலையில் உண்மையான சிக்கல் இரும்பு இல்லை, நிலம்.

இந்த மலை 1976 வரை ஜாகிர்தார்களின் கையில் இருந்தது. நாடு சுதந்திரம் அடைந்து கிட்டத்தட்ட 30 வருஷம் கழித்துத்தான் அரசு நிர்வாகம் முழுசாக உள்ளே வந்தது. நிலத்துக்கு முறையான ஆவணம் என்ற பேச்சே அதற்குப் பிறகுதான். தலைமுறை தலைமுறையாக உழுத நிலம், ஆனால் காகிதத்தில் வேறு கணக்கு; பக்கத்திலேயே காப்புக்காடு.

2006-ம் ஆண்டு வன உரிமைச் சட்டம் வந்தது. தமிழ்நாட்டில் நீதிமன்ற உத்தரவு காரணமாகப் பட்டா வழங்குவது பல ஆண்டுகள் முடங்கி, 2016-க்குப் பிறகுதான் வேகம் பிடித்தது. இந்தச் சட்டப்படி கிடைக்கும் உரிமை பிள்ளைகளுக்கு வரும், ஆனால் விற்கவோ மாற்றிக்கொடுக்கவோ முடியாது. அதை வைத்துக்கொண்டு வங்கியில் போய் நின்றால், "அடமானத்துக்கு என்ன இருக்கு?" என்ற கேள்வி வரும்.

கழற்றி மாட்டும் கட்டடத்தின் பெரிய லாபம் இங்கேதான். கல் கட்டடம் நிலத்தோடு ஒட்டியது; நிலம் போனால் அதுவும் போச்சு. இரும்பு ஷெட் இயந்திரம் மாதிரி ஒரு சொத்து. குத்தகை நிலத்தில் போடலாம், குத்தகை முடிந்தால் கழற்றலாம், கடைசியில் பழைய இரும்பு விலைக்காவது போகும். நிலம் உறுதி இல்லாத இடத்தில் போட்ட காசு காணாமல் போகாது என்ற தைரியம் சின்ன விஷயம் இல்லை.

முரண் என்னவென்றால், மானியம் தரும் திட்டங்கள் நில ஆவணத்தைத்தான் முதலில் கேட்கின்றன. நிலத்துக்குப் பத்திரம் இருப்பவருக்கு கல் கட்டடமே கட்ட முடியும். பத்திரம் இல்லாதவருக்குத்தான் கழற்றும் ஷெட் தேவை, அவருக்கு மானியக் கதவு பாதி மூடியிருக்கிறது.

'கழற்றிவிடலாம்தானே' என்று சொல்லி காப்புக்காட்டு நிலத்தில் நிறுத்தவும் முடியாது. தற்காலிகக் கட்டடம் என்றாலும் வனமல்லாத பயன்பாடு என்றால் 1980-ம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் குறுக்கே வரும். வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவு, கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்குள், ஹெக்டேருக்கு 75 மரங்களுக்கு மேல் வெட்டாமல், 13 வகை அரசு வசதிகளுக்கு வன நிலத்தைத் தரலாம் என்கிறது. பள்ளி, மருந்தகம், அங்கன்வாடி, ரேஷன் கடை, சமுதாயக் கூடம், தொழிற்பயிற்சி மையம், ரோடு எல்லாம் அந்தப் பட்டியலில் இருக்கிறது. விளைபொருள் கிடங்கு இல்லை! தொழிற்பயிற்சி மையமாகவோ சமுதாயக் கூடமாகவோ அரசே நிறுவி, அதில் ஒரு பகுதியை மக்கள் பயன்படுத்த வைப்பதுதான் இப்போதைக்கு நேர்மையான வழி. வருவாய்த் துறை நிலம் என்றாலும், ஹாகா எனப்படும் மலைப்பகுதிப் பாதுகாப்புப் பட்டியலில் ஊர் இருந்தால் அந்த அனுமதியும் தேவைப்படும்.

கடுக்காயும் சாமையும்

மலையில் கிடங்கு எதற்கு என்று கேட்கலாம். கல்வராயன் மலைக்காரர்கள் சாமை, தினை விதைக்கிறார்கள், மரவள்ளி போடுகிறார்கள், காட்டில் கடுக்காய் பொறுக்குகிறார்கள், தேன் எடுக்கிறார்கள். கடுக்காய், புளி, தேன் மாதிரியான சிறு வனப்பொருள்களைச் சேகரித்து விற்கும் உரிமையை வன உரிமைச் சட்டம் கொடுக்கிறது. 2012-ல் திருத்தப்பட்ட விதிகள் உள்ளூரிலேயே பதப்படுத்தவும் எடுத்துச் செல்லவும் இடம் தருகின்றன.

மழையில் நனைந்தால் கருத்துப்போகிற கடுக்காயை வீட்டுத் திண்ணையில் வைக்க முடியாததால், வாரச் சந்தைக்கு வரும் வியாபாரி சொல்வதுதான் விலை. சாமையைத் தோல் நீக்க மலையிலிருந்து இறங்கி, அரிசியாக மீண்டும் ஏற்றுவது இன்னொரு கூத்து. ஒரு சின்ன ஷெட், அதில் ஒரு தோல் நீக்கும் இயந்திரம், தரம் பிரிக்க இடம், ஒரு எடைத் தராசு. இது இருந்தாலே பேரம் மாறும்.

2018-ல் தொடங்கிய வன் தன் திட்டம் இதே யோசனைதான். 20 பேர் கொண்ட 15 குழுக்கள், மொத்தம் 300 பேர் சேர்ந்த ஒரு மையத்துக்கு 15 லட்சம் ரூபாய் வரை. மலைப்பகுதிகளில் இயங்கும் லேம்ப் கூட்டுறவு சங்கங்களையும் இதோடு இணைக்க முடியும். ஷெட்டுக்கு மட்டும் காசு இருந்து, மும்முனை மின்சாரம் வராவிட்டால் இயந்திரம் காட்சிப் பொருளாகத்தான் நிற்கும் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

இதில் பணயம் வெறும் சாமை விலை இல்லை. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் மெத்தனால் கலந்த விஷச் சாராயம் 60-க்கும் மேற்பட்ட உயிர்களைக் குடித்தபோது, கல்வராயன் மலை என்ற பெயர் மறுபடியும் சாராய ரெய்டு செய்திகளில் அடிபட்டது. மலைக்காரர்கள் எல்லோரையும் ஒரே கண்ணால் பார்க்கும் பழக்கம் ஊடகங்களுக்கும் உண்டு. அடுத்த மாதமே சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்து, அங்கே ரோடு இருக்கிறதா, ஆஸ்பத்திரி இருக்கிறதா, பள்ளிக்கூடம் இருக்கிறதா என்று அரசைக் கேட்டது. விளைந்ததை நல்ல விலைக்கு விற்க முடிகிறதா என்பதும் அந்தக் கேள்விகளுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டிய ஒன்றுதான்.

வெயில், பனி, காற்று

வெறும் ஷீட் போட்ட ஷெட்டுக்குள் சித்திரை மதியத்தில் பத்து நிமிஷம் நின்று பார்த்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. பட்டறையில் ஆள் வேலை செய்ய முடியாது. கூரைக்குக் கீழே வெப்பத் தடுப்பு விரிப்பு, உச்சியில் காற்றில் சுற்றும் டர்போ வென்டிலேட்டர், எதிரெதிர் ஜன்னல் ஆகியவை ஆடம்பரம் அல்ல.

மலையில் பிரச்சினை தலைகீழ். பகலில் சூடாகும் ஷீட் ராத்திரி சட்டென்று குளிரும். உள்ளே இருக்கும் ஈரக்காற்று கூரையின் அடியில் வியர்த்து, விடியற்காலையில் மூட்டை மேல் சொட்டும். மழையே பெய்யாமல் தானியம் நனையும் அதிசயம் இது. இரண்டு அடுக்கு ஷீட்டுக்கு நடுவே நுரை அடைத்த பஃப் பேனல் இதைத் தடுக்கும், விலை கூடும். மூட்டையைச் சுவரிலிருந்து இரண்டு அடி தள்ளி, தரையில் மரச்சட்டம் போட்டு அடுக்குவது இலவசம்.

அடுத்து காற்று. 2024 நவம்பர் 30-ம் தேதி இரவு புதுச்சேரி அருகே ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. விழுப்புரம் மாவட்டம் மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது, கள்ளக்குறிச்சி மாவட்டமும் தப்பவில்லை. இலேசான கட்டடத்துக்கு எடை குறைவு என்பது பலமும் அதுதான், பலவீனமும் அதுதான். கூரையைக் காற்று அழுத்துவதைவிட மேலே தூக்குவதுதான் ஆபத்து. அஸ்திவாரத்தில் பதித்த ஆங்கர் போல்ட், குறுக்கே போகும் பிரேசிங் கம்பி, ஓரங்களில் நெருக்கமான திருகு ஆகிய மூன்றிலும் கஞ்சத்தனம் காட்டினால் ஷீட் பக்கத்து வயலில் கிடக்கும். நிறுவனம் ஐ.எஸ். 875 தரத்தின்படி அந்த இடத்துக்கான காற்று வேகத்தை வைத்து வடிவமைத்ததா என்று எழுத்தில் கேட்டு வாங்க வேண்டும். இடி தாங்க எர்த்திங் தனியாக.

மரச்சிற்பக் கூடங்களுக்கு?

கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கள்ளக்குறிச்சி, சின்னசேலம், திருக்கோவிலூர் பகுதிகளில் பல குடும்பங்கள் வீட்டு முன்பக்கத்தையே பட்டறையாக வைத்திருக்கின்றன. இவர்களுக்கு ஷெட் இடத்தைப் பெரிதாக்கும், இயந்திரத்தின் தூசியையும் சத்தத்தையும் வீட்டை விட்டு வெளியே தள்ளும். ஆனால் அதிகச் சூட்டில் மரம் வெடிக்கும். செதுக்கி முடித்த சிலையை வெப்பத் தடுப்பு இல்லாத ஷெட்டில் வைத்தால் குறியீடு இருந்தும் பயன் இல்லை. மரத்தூள், வார்னிஷ், பழைய வயரிங் மூன்றும் ஒரே கூரைக்குக் கீழே என்றால் தீயணைப்பான் இல்லாமல் ஒரு நாள்கூட ஓட்டக் கூடாது.

காசு எங்கிருந்து வரும்?

2020-ல் அறிவிக்கப்பட்ட வேளாண் உட்கட்டமைப்பு நிதியில் 2 கோடி ரூபாய் வரையிலான கடனுக்கு ஆண்டுக்கு 3 சதவீத வட்டிச் சலுகை, அதிகபட்சம் 7 ஆண்டுகளுக்குக் கிடைக்கும். கிடங்கும் முதல்நிலை பதப்படுத்தும் கூடமும் இதில் அடக்கம். கடன் வழங்கும் காலம் 2025-26 நிதியாண்டு வரை என்றுதான் நிர்ணயிக்கப்பட்டிருந்தது. ஆகவே இப்போது யோசிப்பவர்கள் வங்கியிலோ வேளாண் வணிகத் துறையிலோ திட்டத்தின் இன்றைய நிலையைக் கேட்டுவிட்டு இறங்குவது நல்லது. மத்திய அரசின் வேளாண் சந்தைக் கட்டமைப்பு துணைத் திட்டத்தில் பொதுப் பிரிவினருக்கு 25 சதவீதமும், பழங்குடியினர், பட்டியலினத்தவர், பெண்கள், உழவர் உற்பத்தியாளர் நிறுவனங்களுக்கு 33.33 சதவீதமும் மானியம். ஆனால் அது கடனோடு இணைந்த மானியம். முதலில் வங்கி கடன் தர வேண்டும்.

வரி விஷயத்தில் இரும்புக் கட்டடத்துக்கு இருந்த ஒரு சாதகம் இப்போது இல்லை. ப்ரீஃபேப் கட்டடத்துக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். சிமென்ட்டுக்கு 28 ஆக இருந்தது 2025 செப்டம்பர் 22 முதல் 18 ஆகக் குறைந்துவிட்டது.

கொட்டேஷன் வாங்கும்போது பெரும்பாலும் தகராறு வருவது ஷீட் தடிமனில். '0.5 எம்.எம்.' என்று எழுதியிருப்பது பூச்சோடு சேர்த்த தடிமனா, வெறும் இரும்பின் தடிமனா என்று கேட்டால் விலை வித்தியாசத்தின் ரகசியம் பாதி தெரிந்துவிடும். துத்தநாகப் பூச்சு மட்டும் உள்ளதா, அலுமினியமும் சேர்ந்த கால்வால்யூமா என்பது அடுத்தது. மொத்த இரும்பு எத்தனை கிலோ, தளமும் அஸ்திவாரமும் விலையில் உண்டா, மலை ஏற்றும் வாடகை யார் தலையில், ஒருமுறை கழற்றி மாட்டினால் எத்தனை ஷீட்டும் திருகும் புதுசாக வாங்க வேண்டிவரும் என்பதையும் அதே தாளில் எழுதி வாங்க வேண்டும். ஏனென்றால் கழற்றும்போது திருகு ஓட்டை பெரிதாகி, அடுத்த ஊரில் அதே கூரை ஒழுக ஆரம்பிக்கும். அதைச் சரிசெய்யும் செலவு யாருடையது என்று முதல் நாளே பேசாவிட்டால், தார்ப்பாயை மறுபடியும் எடுத்து கூரை மேலேயே விரிக்க வேண்டிவரும்.